கெளுத்தியை உரசிய கல்

கார்த்திகை பிறந்து மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், சேரன்மகாதேவிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவரிடம் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலாகக் கெளுத்தி வாங்கினேன். ஊரில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் மீனுக்கு அடிபிடி இல்லை. வலையில் விழுந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளும்படி அவரே கூடையைச் சாய்த்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து அந்த மீனைக் கழுவி முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. குழம்பு வைக்க அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆனது. இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்த உறவினர் ஒருவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கெளுத்திக் குழம்பு தேறுமா தேறாதா என்பது அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, புறவாசலிலேயே முடிவாகிவிடும் என்று எங்கள் ஆச்சி நம்பினாள். இத்தனை ஆண்டு சமைத்துப் பார்த்த பின் எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

முதலில், வாங்குவது கெளுத்திதானா என்று பார்க்க வேண்டும். இப்போது சந்தைகளில் கெளுத்தி என்ற பெயரில் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தொட்டியில் உயிரோடு விட்டு விற்கிறார்கள். கண்ட மீனையும் தின்று தீர்த்து நாட்டு மீன்களை அழித்துவிடும் என்பதால் அதை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது; தடை ஏட்டில் இருக்கிறது, மீன் தொட்டியில் இருக்கிறது. மீசையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுக்குமே நான்கு ஜோடி மீசை உண்டு. முதுகைப் பார்க்க வேண்டும். ஆற்றுக் கெளுத்திக்கு முதுகில் குட்டையான ஒரு துடுப்பும், அதன் முன்விளிம்பில் ஒரு முள்ளும், பின்னால் வாலை ஒட்டி முள்ளே இல்லாத சதைத் துடுப்பு ஒன்றும் இருக்கும். வால் இரண்டாகப் பிளந்திருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு ஒரே வரிசையாக வால் வரை ஓடும், வாலும் பிளவில்லாமல் உருண்டிருக்கும். உயிரோடு துள்ளுகிறதே என்று அதை வாங்கிவிடக் கூடாது. அது காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீனாதலால் கரையில் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. ஆற்றுக் கெளுத்தி அவ்வளவு நேரம் தாங்குவதில்லை, ஆகவே அது செத்திருப்பது ஒரு குறையல்ல. செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், தோலின் வழவழப்பு கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். அது பால்நிறமாகத் திரிந்து நூல் நூலாக வந்தால் மீன் பழையது.

எந்த இடத்து மீன் என்பதும் முக்கியம். நெல்லை நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பது ஊரறிந்த விஷயம் என்பதால், நகரத்துக்கு மேற்கே, அணைக்கட்டுகளை ஒட்டிப் பிடிபடும் மீனை மட்டும் வாங்குவது என் வழக்கம். அதிலும் பிசானம் என்னும் மழைக்கால நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டுக் கால்வாய்களும் ஆறும் நிறைந்து ஓடுகிற இந்த மாதங்களின் மீனுக்கும், பங்குனி சித்திரையில் ஆறு வற்றிக் கசத்தில் தேங்கிய நீரில் அகப்படும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை மூக்கே சொல்லிவிடும்.

கெளுத்தியிடம் மூன்று முட்கள் உண்டு: முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பக்கவாட்டு முட்களின் உள்விளிம்பு ரம்பம்போல் பல் பல்லாக இருக்கும். மீன் மிரண்டதும் இவை விரிந்து, பூட்டுப் போட்டதுபோல் அப்படியே நின்றுவிடும். அழுத்தி மடக்கப் பார்த்தால் மடங்காது. கையில் எடுத்ததும் கெளுத்தி கரகரவென்று ஓர் ஒலி எழுப்புவதை ஆற்றங்கரைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அது வாயால் கத்துவதல்ல. பக்க முள்ளின் அடிப்பகுதியை அதன் குழிக்குள் உரசி எழுப்பும் ஒலி. பதினோரு வயதில் அந்த ஒலியை இன்னும் கிட்டத்தில் கேட்க ஆசைப்பட்டு மீனைக் காதருகே கொண்டுபோனபோது, அது ஒரு திமிறு திமிறியதில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதையில் முள் ஏறிவிட்டது. ஆச்சி திட்டவில்லை. பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கி வைக்கச் சொன்னாள். முள்ளின் நஞ்சு சூட்டில் சிதையக்கூடியது என்பதை வெகுகாலம் கழித்தே படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் அதைப் படிக்காமலேயே தெரிந்து வைத்திருந்தாள். “ஏல, மீனு செத்தாலும் முள்ளு சாவாதுல” என்று மட்டும் சொன்னாள். அது முற்றிலும் உண்மை. செத்த கெளுத்தியின் முள்ளும் குத்தும், கடுக்கவும் செய்யும். (கெளுத்தியின் சொந்தக்காரனான தேளியின் முள் இதைவிடப் பல மடங்கு கொடியது. தேளைப்போல் கொட்டுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். புதிதாகப் பழகுபவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.)

ஆகவே எதற்கும் முன்பு முள்ளை எடுத்துவிட வேண்டும். மீன் முழுவதுமாக அடங்கும் வரை மூடி போட்ட சட்டியில் ஒரு கை கல்லுப்பைத் தூவி வைத்திருந்து, பிறகு தலையின் மேல் உள்ளங்கை படிய, இரண்டு பக்க முட்களுக்கும் பின்னால் விரல்கள் அணைந்து நிற்குமாறு பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் முள்ளால் கையை எட்ட முடியாது. அரிவாள்மணையில் முட்களை அடியோடு சேர்த்து அறுத்துத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துப் போடுவேன்; தரையில் சிந்திய ஒரு முள் போதும், வெறுங்காலோடு நடப்பவர்களை ஒரு வாரம் நொண்ட வைத்துவிடும். மீசையையும் துடுப்புகளையும் அப்போதே நறுக்கிவிடலாம்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கெளுத்திக்குச் செதில் கிடையாது. செதில் செய்ய வேண்டிய காவலை அதன் உடம்பெல்லாம் பூசியிருக்கும் வழவழப்பு செய்கிறது. ஆற்று வாடையும் அதில் ஒட்டியிருக்கிறது, அதைப் போக்காமல் எவ்வளவு மசாலா அரைத்துப் போட்டாலும் குழம்பில் ஒரு கொழகொழப்பும் ஒரு கவிச்சியும் மிஞ்சும். தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினால் அது போகாது, ஊறி இன்னும் பெருகும். ஆகவே முதலில் தண்ணீரைத் தொடவே கூடாது. விறகடுப்பு இருந்த காலத்தில் சலித்த சாம்பலை மீன்மேல் தூவிப் பிசிறிவிடுவார்கள். வழவழப்பைச் சாம்பல் உறிஞ்சிக்கொண்டு பிடிமானமும் கொடுக்கும். எரிவாயு வந்த பிறகு சாம்பலுக்கு எங்கே போவது? குழம்புக்குப் புளி கரைத்துப் பிழிந்த சக்கையையும் கல்லுப்பையும் சேர்த்துத் தேய்ப்பது சாம்பலைவிட நன்றாகவே வேலை செய்கிறது. உப்பும் புளிப்பும் பட்டதும் வழவழப்பு திரண்டு வெள்ளையாக உருள ஆரம்பிக்கும், உருண்டதை வழித்து எறிந்துவிடலாம்.

அதன்பின் கல். எங்கள் வீட்டுப் புறவாசலில், பயன்பாட்டிலிருந்து ஓய்ந்துபோன ஒரு பழைய அம்மி சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல்பக்கம் மூன்று தலைமுறை அரைத்து அரைத்து வழுக்கிவிட்டது. அடிப்பக்கம் கல்தச்சர் கொத்திய கொத்து அப்படியே இருக்கிறது. மீன் உரசுவது அந்த அடிப்பக்கத்தில்தான். வாலைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து வால் பக்கமாக, ஒரு விலாவுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, அழுத்தாமல் உரச வேண்டும். அழுத்தினால் தோல் கிழிந்து சதை தெரியும், கிழிந்த மீன் குழம்பில் கரைந்துவிடும். கரும்பழுப்பாக இருந்த தோல் மெல்ல வெளிறி, விரலை வைத்தால் வழுக்காமல் லேசாக ஒட்டுகிற நிலை வரும். அதுதான் பதம். அம்மி இல்லாதவர்களுக்கு உள்பக்கம் சொரசொரப்பான மண்சட்டி இருக்கிறது. அதில் சிறிய கெளுத்திகளை மொத்தமாகப் போட்டு உப்போடு சேர்த்துச் சுழற்றித் தேய்க்கலாம். கொதிநீரை ஊற்றி வழவழப்பை ஒரே நொடியில் திரட்டிவிடும் குறுக்குவழியும் உண்டு. நான் செய்து பார்த்திருக்கிறேன். தோல் பாதி வெந்துபோய், பிறகு குழம்பில் தனியாக உரிந்து மிதந்தது. அவசரத்துக்கு ஆகலாம், எனக்குப் பிடிக்கவில்லை.

வயிற்றைக் கீறும்போது கத்தியின் நுனி மட்டும் உள்ளே போக வேண்டும். ஈரலை ஒட்டிக் கரும்பச்சையாக ஒரு சிறு பை இருக்கும், அதுதான் பித்தப்பை. கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் என் கைத்திறமையைக் காட்டப் புகுந்து அந்தப் பையைக் குத்திவிட்டேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்துக் கழுவிக் குழம்பில் போட்டதில், சட்டிக் குழம்பும் வேப்பெண்ணெய்போல் கசந்தது. மாமனார் ஒரு சொல்லும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். குடலையும் செவுளையும் எடுத்த பிறகு, வயிற்றின் உள்ளே முதுகெலும்பை ஒட்டிக் கட்டியாக ஒரு கருஞ்சிவப்புக் கோடு தெரியும். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பெருவிரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை கழுவ வேண்டும். மழைக்காலத்து மீனில் சினை இருந்தால் அதைச் சிதைக்காமல் தனியே எடுத்து வைப்பது நல்லது.

மண் வாசனை என்று நாம் உச்சுக்கொட்டிப் பாராட்டும் அதே மணத்தை மீனில் மட்டும் நம்மால் சகிக்க முடிவதில்லை. முதல் மழையில் தரையிலிருந்து எழுவதும், தேங்கிய நீரின் மீனில் படிவதும் ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள்தான். மண்ணிலும் நீரிலும் வாழும் சில நுண்ணுயிரிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் அதை உண்டாக்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அது மீனின் கொழுப்பிலும் தோலிலும் தங்கும், புளிப்புப் பட்டால் சிதையும். நம் ஊர்களில் ஆற்று மீனையும் குளத்து மீனையும் எப்போதும் புளி விட்டே சமைத்து வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. கழுவிய மீனை மஞ்சளும் உப்பும் கொஞ்சம் புளித்தண்ணீரும் பிசிறி அரை மணி நேரம் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. துடிப்பு அடங்காத மீனை நேரே கொதிக்கும் குழம்பில் போட்டால் துண்டு சுருண்டு வளைந்துவிடும். சற்றுப் பொறுத்தால் அது நேராகும்.

குழம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கிலோ மீனுக்கு, பன்னிரண்டு வத்தல் மிளகாய், மூன்று மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், அதே அளவு மிளகு ஆகியவற்றை வறுத்து, ஏழெட்டுச் சின்ன வெங்காயத்தோடு மையாக அரைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் கால் மூடிக்கு மேல் வேண்டாம் என்பது ஆச்சியின் கட்சி. கடல்மீனுக்குத் தாராளமாகத் தேங்காய் அரைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் தேங்காய்ப்பால் மிகுந்தால் கெளுத்தியின் கொழுப்போடு சேர்ந்து திகட்டுகிறது என்பதை நான் நாக்கால் உணர்ந்திருக்கிறேன். மண்சட்டியில் நல்லெண்ணெயைக் காயவிட்டு, வெந்தயம் சிவந்ததும் கறிவேப்பிலை, முழுதாக உரித்த சின்ன வெங்காயம் இருபது, பத்துப் பல் பூண்டு ஆகியவற்றை வதக்கி, பெரிய எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, அரைத்ததைச் சேர்த்து, பச்சை வாடை போய் ஓரத்தில் எண்ணெய் தெளியும் வரை கால்மணி நேரம் கொதிக்க விட வேண்டும். தக்காளி எங்கள் வீட்டில் இந்தக் குழம்புக்குள் நுழைந்ததில்லை.

மீனைப் போட்ட பிறகு கரண்டிக்கு வேலை கிடையாது. கெளுத்தியின் சதை பஞ்சுபோல் இளகியது. கிண்டினால் முள்ளும் தோலும் தனித்தனியாகிவிடும். சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால் குழம்பே மீனின் மேல் ஏறி இறங்கும். சினையைக் கடைசியாகப் போட வேண்டும். மூடாமல் ஏழெட்டு நிமிடம் வெந்ததும் இறக்கிவிடலாம். அடுப்பிலிருந்து எடுத்த பின்னும் மண்சட்டி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதவர்கள்தான் மீன் உடைந்துவிட்டது என்று சொல்வார்கள்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் நான்கு துண்டும் அடிக்குழம்பும் மிஞ்சின. இரவில் சுண்ட வைத்து உறி போல் உயரத்தில் ஒரு தட்டில் மூடி வைத்தேன், பூனைக்குப் பயந்து. காலையில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு திறந்தபோது துண்டு மூன்றுதான் இருந்தது. மூடியில் பூனையின் கைவண்ணம் எதுவும் தெரியவில்லை. சிரித்த அந்த உறவினர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.