டிசம்பர் 2014: அறிக்கையும் சித்தப்பாவும்

டிசம்பர் 9, செவ்வாய்

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பிடித்தவர்களிடம் அமெரிக்க உளவு நிறுவனம் சிஐஏ நடத்திய சித்திரவதை விசாரணைகளைப் பற்றி அமெரிக்க செனட் புலனாய்வுக் குழு எழுதிய அறிக்கை ஒருவழியாக இன்று வெளியே வந்துவிட்டது. முழுசும் 6,000 பக்கத்துக்கு மேல். நம் கைக்குக் கிடைப்பது 500 சொச்சம் பக்கச் சுருக்கம் மட்டும். அதிலும் அங்கங்கே கறுப்பு மை. சிஐஏவின் லாங்லி தலைமையகம் எங்கள் ஆபீஸிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கலாம், யாருக்குத் தெரியும். வர்ஜீனியாவில் பக்கத்து வீட்டுக்காரர் "அரசாங்க வேலை" என்றால் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

மதியம் சாப்பாட்டு அறையில் டிவி ஓடியது. எங்கள் டீமில் ஒரு முன்னாள் ராணுவக்காரர். நல்ல மனிதர். சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "எங்கேயோ டைம் பாம் ஓடிக்கிட்டிருக்கு. வச்சவன் உன் கையில. ஒரு மணி நேரம்தான் இருக்கு. நீ என்ன செய்வ?" சுற்றி இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தயிர்சாதத்தைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து டிவியில் செனட்டர் ஜான் மெக்கெய்ன் பேச எழுந்தார். இதையெல்லாம் செய்த புஷ் அரசைப் போல அவரும் குடியரசுக் கட்சிதான். வியட்நாமில் ஐந்து வருஷத்துக்கு மேல் கைதியாகக் கிடந்து அடிபட்டவர். சக விமானிகளின் பெயரைச் சொல் என்று அங்கே அவரை நெருக்கியபோது, கிரீன் பே பேக்கர்ஸ் கால்பந்து அணி ஆட்டக்காரர்களின் பெயரை வரிசையாகச் சொன்னாராம். வலியை நிறுத்தக் கைதி எதையும் சொல்வான் என்று இன்று அவையில் பேசினார். ராணுவக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மெக்கெய்ன் முன்னால் வாயைத் திறக்க அவருக்கே கூச்சம் போல.

டிசம்பர் 10, புதன்

நேற்று ராத்திரி படுக்கும்போது மணி இரண்டு. அறிக்கையில் அபு ஜுபைதா என்ற கைதியின் பகுதியை மட்டும் படித்தேன்.

2002 மார்ச்சில் பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் குண்டடிபட்டுப் பிடிபட்டவர். தாய்லாந்தில் ஒரு ரகசிய இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முதலில் பேசியது எஃப்பிஐ ஆட்கள். அதில் ஒருவர் அலி சூஃபான், அரபி தெரிந்தவர். அடி உதை இல்லாத அந்தப் பேச்சில்தான், செப்டம்பர் 11 திட்டத்தின் மூளை காலித் ஷேக் முகமது என்பது ஏப்ரலில் வெளியே வந்தது.

அப்புறம் சிஐஏ ஒப்பந்தத்துக்கு எடுத்த உளவியலாளர்களின் கை ஓங்குகிறது. இவரிடம் இன்னும் பெரிய ரகசியம் இருக்கிறது, அடுத்த தாக்குதல் எங்கே என்று தெரியும், மென்மையாகக் கேட்டால் வராது என்கிறார்கள். சரி, அவ்வளவு அவசரமென்றால் உடனே கேட்டார்களா? ஜூன் 18 முதல் ஆகஸ்ட் 4 வரை, 47 நாள், அந்த மனிதரைத் தனியறையில் போட்டுவிட்டார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னென்ன செய்யலாம் என்று வாஷிங்டனில் வக்கீல்கள் தாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி அரசின் நீதி இலாகா கையெழுத்துப் போட்டது. பாம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஃபைல் நகரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இருபது நாள் ராப்பகலாக. சவப்பெட்டி அளவுப் பெட்டியில் 266 மணி நேரம். அதைவிடச் சின்னப் பெட்டியில் 29 மணி நேரம். சின்னதன் அகலம் 21 அங்குலம், உயரம் இரண்டரை அடி. வீட்டில் இன்ச் டேப் எடுத்து அளந்து பார்த்தேன், பாத்திரம் கழுவும் மெஷின்கூட அதைவிடப் பெரியது. முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியது அந்த மாதத்தில் குறைந்தது 83 தடவை. ஒரு தடவை அசைவே இல்லாமல் போய், திறந்த வாய் நிறையத் தண்ணீரில் குமிழி வந்ததென்று அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. தாக்குதல் ரகசியம் எதுவும் வரவில்லை. அப்படி எதுவும் அவரிடம் இல்லை என்ற முடிவுக்குக் கடைசியில் அவர்களே வந்தார்கள்.

மதியம் ராணுவக்காரரிடம் அந்த 47 நாளைச் சொன்னேன். "நிஜமாவா?" என்று கேட்டார். பக்க எண்ணை அனுப்பிவைத்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

சிஐஏ இயக்குநர் ஜான் பிரென்னன் லாங்லியிலேயே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அந்த முறைகளால்தான் தகவல் வந்ததா, வேறு வழியிலும் வந்திருக்குமா என்பது அறியவே முடியாத ஒன்று என்கிறார். இத்தனை வருஷம் "உயிர்களைக் காப்பாற்றியது" என்று அடித்துச் சொன்ன இடத்திலிருந்து இப்போது அறிய முடியாதாம்.

ராத்திரி ஊருக்குப் போன். சித்தப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கிரைம் பிரிவில் பல வருஷம். அவரிடம் இதைக் கேட்காமல் யாரிடம் கேட்பது.

"ஏன் சித்தப்பா, அடிச்சா உண்மை வருமா?"

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்டா" என்று சிரித்தார். அப்புறம் குரல் கொஞ்சம் மாறியது. "அடிச்சா எவனும் ஒத்துக்குவான். அது பெரிசு இல்ல. திருட்டுக் கேசுல நாங்க பார்க்குறது ரெக்கவரி. நகையை எங்க வச்சேன்னு சொல்லணும், போய்த் தோண்டுனா இருக்கணும். இல்லேன்னா அவன் பேச்சை வச்சு நாக்கு வழிக்கவா?"

"அப்ப ரெக்கவரி கிடைச்சா உண்மைதானே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுவும் சொல்ல முடியாது தம்பி. அடி தாங்காம பொண்டாட்டி தாலியைக் கொண்டாந்து, இதான் சார் நான் திருடுனதுன்னு கொடுத்தவனையும் பார்த்திருக்கேன்."

அவனை என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சித்திதான் போனை வாங்கிப் பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டாள்.

டிசம்பர் 13, சனி

சித்தப்பா சொன்ன ரெக்கவரி தலையை விட்டுப் போகவில்லை.

இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்று ஒருவர். 2001 கடைசியில் பிடிபட்டார். சிஐஏ அவரை எகிப்துக்கு அனுப்பியது. அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அனுப்பினார்கள். சதாம் உசேனின் இராக், அல்-கய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று அங்கே அவர் சொன்னார். 2003 பிப்ரவரி 5-ம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் உலகத்தின் முன் வைத்த வாதத்தில் அதுவும் ஒன்று. அடுத்த மாதம் யுத்தம். 2004-ல், அடிக்குப் பயந்து சொன்னது, எல்லாம் பொய் என்று அல்-லிபி மறுத்தார். தோண்டிப் பார்க்க நகை ஏது? இராக்கையே தோண்டினார்கள், ஒன்றும் இல்லை.

இன்னொன்று. இந்த முறைகள் வந்த வழி. பிடிபட்டால் தாக்குப்பிடிக்க அமெரிக்க வீரர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியிலிருந்து எடுத்தது. அந்தப் பயிற்சி, கொரியப் போரில் சீனர்கள் அமெரிக்க விமானிகளிடம் பொய் வாக்குமூலம் வாங்கிய விதத்தைப் பார்த்து உருவாக்கியது. பொய் வாங்கச் செய்த கருவியை எடுத்து உண்மை வாங்கப் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு உளவியலாளர்களும் அதற்கு முன் ஒரு நிஜ விசாரணைகூட நடத்தியதில்லை. அவர்கள் கம்பெனிக்குப் போன பணம் 8 கோடியே 10 லட்சம் டாலர்.

நம் ஊர்ச் சட்டம் இந்த விஷயத்தில் உஷாரானது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. சாட்சியச் சட்டம் 27-வது பிரிவின்படி, எதையாவது கண்டெடுக்க உதவிய பகுதி மட்டும் செல்லும். சித்தப்பாவின் ரெக்கவரி வெள்ளைக்காரன் காலத்திலேயே ஏட்டில் ஏறிவிட்டது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா வந்தபோது அதன் 15-வது பிரிவில் அந்த வேலியைப் பிடுங்கினார்கள். எஸ்.பி. எழுதிக்கொண்டால் வாக்குமூலம் செல்லும். ராஜீவ் கொலை வழக்கில் அதை வைத்துத்தான் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு. மறு வருஷமே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விட்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சிபிஐ அதிகாரியே போன வருஷம் சொன்னார்: வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அந்தப் பையன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று. ஒரு வரி. 23 வருஷமாக ஒருவர் உள்ளே.

டிசம்பர் 14, ஞாயிறு

புஷ் காலத்துத் துணை ஜனாதிபதி டிக் செனி டிவியில். தப்பாகப் பிடித்துவைக்கப்பட்டவர்கள் பற்றிக் கேட்டார்கள். சிஐஏ வைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேரை வைத்திருக்கவே கூடாது என்கிறது அறிக்கை. நோக்கம் நிறைவேறினால் எனக்குப் பிரச்சினை இல்லை, மறுபடியும் செய்வேன் என்றார் செனி. கண் இமைக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

பாகிஸ்தானின் பெஷாவர். ராணுவப் பள்ளிக்குள் புகுந்து 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். படங்களைப் பார்க்க முடியவில்லை. இதைச் செய்தவன் ஒருத்தன் கையில் கிடைத்தால் என்று ஒரு நிமிஷம் எனக்கும் கை பரபரத்தது. அந்த நிமிஷம் எனக்குத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. அவன் துடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 18, வியாழன்

பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு: அந்த முறைகள் நியாயமே என்பவர்கள் 51 சதவீதம், இல்லை என்பவர்கள் 29. ராணுவக்காரர் இன்று என்னிடம் வந்து, 47 நாள் பக்கத்தைப் படித்ததாகவும், ஆனாலும் தான் 51-லேயே இருப்பதாகவும் சொன்னார். "பயம் போகலப்பா" என்பது போல ஏதோ சொன்னார். படித்தாரே, அதுவே பெரிது.

குல் ரஹ்மான் என்ற கைதியின் பகுதியை இன்று முடித்தேன். 2002 நவம்பர், ஆப்கானிஸ்தான் ரகசியச் சிறை. இடுப்புக்குக் கீழே துணியில்லாமல், வெறும் சிமென்ட் தரையில் சங்கிலி போட்டு உட்காரவைத்தார்கள். மறுநாள் பிணம். குளிரில் விறைத்துச் செத்திருக்கிறார் என்பதே முடிவு. நாலு மாதம் கழித்து அந்த இடத்துப் பொறுப்பாளருக்கு, தொடர்ந்து சிறப்பாகப் பணியாற்றியதற்காக 2,500 டாலர் பரிசுக்குப் பரிந்துரை.

இதில் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லையா என்று சித்தப்பா போனில் கேட்டார். போனவர் ஒருவர் உண்டு. ஜான் கிரியாக்கோ, சிஐஏ முன்னாள் அதிகாரி. தண்ணீர் ஊற்றும் வேலை நடந்ததை 2007-ல் டிவியில் வெளியே சொன்னவர். ஒரு சக அதிகாரியின் பெயரை நிருபருக்குக் கொடுத்த வழக்கில் 30 மாதத் தண்டனை. இப்போது பென்சில்வேனியா சிறையில் இருக்கிறார்.

"அது எங்க டிபார்ட்மென்டுலயும் அப்படித்தான்" என்றார் சித்தப்பா.