கேமரா டீமுக்குள் நுழைய எனக்கு ஆன பதினாலு மாதம்

போன வாரம் வந்த கால் ஷீட்டில் (யார் யார் எப்போது வர வேண்டும் என்று படப்பிடிப்புக் குழுவுக்கு அனுப்பும் தாள்), கேமரா பிரிவில், இரண்டாம் உதவியாளர் என்பதற்கு நேராக என் பெயர் இருந்தது. முழுநீளப் படம். அந்த ஒரு வரிக்கு எனக்குப் பதினாலு மாதம் ஆனது, அதில் பாதிக்கு மேல் வீண். யாராவது முன்னாடியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தது. ஒளிப்பதிவாளர்களுக்கு அறுபதுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் நான் எடுத்த குறும்படங்களிலிருந்து கோத்த மூன்று நிமிட ஷோரீல். நாலு பதில் வந்தது. மூன்றில் வாழ்த்து மட்டும். நாலாவது ஆள்தான் நேராகச் சொன்னார்: "தம்பி, அசிஸ்டென்ட்ஸை நான் எடுக்கிறதில்லை, என் ஃபோகஸ் புல்லர்தான் எடுப்பார். நீங்க ஷாட் எப்படி வைப்பீங்கன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். லென்ஸைப் பத்திரமா கொண்டுவந்து கையில கொடுப்பீங்களான்னுதான் தெரியணும்."

ஃபோகஸ் புல்லர் என்றால் ஷாட் ஓடும்போது ஃபோகஸைச் சரியாக வைத்திருப்பவர், கேமரா பிரிவின் முதல் உதவியாளர். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் புரிந்தது. 85 மில்லிமீட்டர் லென்ஸ், டி 1.4 (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை), நடிகர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் 35 சென்சாரில் (சினிமா கேமராக்களில் வழக்கமான ஒரு அளவு) ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். நடிகர் லேசாக முன்னால் சாய்ந்தாலே கை நகர வேண்டும். அந்த வேலையில் இருப்பவர் திரும்பி நின்று, ட்ரெய்னி மெமரி கார்டை எங்கே வைத்தான் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் திறமைக்கு முன்னால் நம்பிக்கையைப் பார்க்கிறார்கள். ட்ரெய்னி வேலைக்கு ஷோரீல் அனுப்பினால், 'இவன் ஒளிப்பதிவாளர் ஆக வந்தவன், கேபிள் சுற்ற மாட்டான்' என்றுதான் படும். நான் ஷோரீலை எடுத்துவிட்டு, ஐந்து வரியில் என்ன தெரியும், என்ன தெரியாது, எந்தத் தேதிகளில் வர முடியும் என்று மட்டும் எழுதி முதல் உதவியாளர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். பதினோராவது மின்னஞ்சலுக்கு ஃபோன் வந்தது. "படம் தொடங்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. கேமரா வாடகை நிறுவனத்துல மூணு நாள் டெஸ்ட் பண்றோம், வந்து பாருங்க" என்றார் அந்த முதல் உதவியாளர் அக்கா.

அங்கேதான் அடுத்த அடி. காலை எட்டரைக்கே போய் நின்றேன். முன்மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "தயாரிப்புத் தரப்பு கொடுத்த பட்டியல்ல உங்க பேர் இல்லை" என்றார். அக்கா வரச் சொன்னதைச் சொன்னேன். "கடிதம் இருக்கா?" இல்லை. அக்காவின் எண்ணை அழைத்தேன், எடுக்கவில்லை. உள்ளே சோதனை அறையில் ஃபோனை அணைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லிக் கெஞ்சினேன். அது தன் வேலை இல்லை என்றார். மதியம் வரை வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்று நாளில் முதல் நாள் அப்படிப் போனது. இன்னும் நினைத்தால் எரிகிறது. ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: அந்த அலமாரிகளில் இருக்கும் ஒவ்வொரு லென்ஸும் என் பல மாதச் சம்பளம். காப்பீட்டில் பெயர் இல்லாதவரை உள்ளே விட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். யார் கூப்பிட்டாலும் சரி, முந்தின நாளே தயாரிப்பு மேலாளரிடமிருந்து உங்கள் பெயர் போட்ட ஒரு வரி மின்னஞ்சலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி இரண்டு நாளும் எனக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு லென்ஸையும் சார்ட்டுக்கு (ஃபோகஸ் பார்க்கும் சோதனை அட்டை) முன்னால் வைத்து, லென்ஸின் உடலில் எழுதியிருக்கும் தூரமும் டேப்பில் அளந்த தூரமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, சென்சாரில் தூசி தேடுவது, பேட்டரி ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டுவது. படப்பிடிப்பில் கேள்வி கேட்க நேரம் கிடைக்காது, இங்கே கிடைக்கும். லென்ஸ் கைமாறும்போது வாங்குபவர் "இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லும் வரை கொடுப்பவர் பிடியைத் தளர்த்தக் கூடாது என்பதும் அங்கேதான் கையில் பதிந்தது.

படப்பிடிப்பின் முதல் காலை சொதப்பல், ஃபில்டர். நான் ஸ்டில் ஃபோட்டோகிராஃபியிலிருந்து வந்தவன். அங்கே என்டி ஃபில்டரில் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) 2, 4, 8 என்று எழுதியிருக்கும், 8 என்றால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). சினிமா ஃபில்டரில் 0.3, 0.6, 0.9. "மூணு ஸ்டாப் என்டி" என்று குரல் வந்தது. பெட்டியில் 3 என்ற இலக்கம் கண்ணில் பட்டதும் 0.3-ஐ எடுத்துக்கொண்டு ஓடினேன். அது ஒரே ஒரு ஸ்டாப். கேட்டது 0.9. வெயில் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்த நேரம், திரும்ப ஓடி வருவதற்குள் வெளிச்சம் மாறிவிட்டது. யாரும் திட்டவில்லை, எல்லோரும் அமைதியாக நின்றார்கள். அது திட்டைவிட மோசம். நீங்களும் ஸ்டில் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் 0.3 ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 0.9 மூன்று என்பதைத் தூக்கத்திலும் சொல்லும்படி வைத்துக்கொண்டு போங்கள்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமில்லை. என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது மூன்றாம் நாள்.

அதற்கு முன் இரண்டு குறும்படங்களில் கார்டைக் கையாண்டிருக்கிறேன். அங்கே வழக்கம் இப்படி: ஷூட் செய்து முடித்த கார்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டுவோம். டேப் இல்லாத கார்டு காலி. இந்த யூனிட்டில் நேர் எதிர். காலிக் கார்டின் மேல் டேப் ஒட்டியிருக்கும், கேமராவில் போடும்போது அதைக் கிழித்துவிடுவார்கள். ஆக டேப் இல்லாத கார்டு என்றால் உள்ளே காட்சிகள் இருக்கின்றன. இரண்டுமே ஒழுங்கான முறைதான். இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அடுத்த கார்டு" என்றதும் கேமரா சாமான் தள்ளுவண்டியில் டேப் இல்லாமல் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் காலையில் எடுத்த காட்சி முழுவதும் இருந்தது. பிரதி எடுக்க இன்னும் டேட்டா மேசைக்குப் போகாத கார்டு. அந்தக் காட்சி அதில் மட்டும்தான் இருந்தது.

கார்டைப் போட்டதும் ஃபார்மேட் பட்டனுக்குப் போகவில்லை அக்கா. முதலில் பிளேபேக்கைத் திறந்தார். ஒன்பது கிளிப். என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "இது எங்கிருந்து எடுத்தே?" என்றார். இடத்தைக் காட்டினேன். கார்டை வெளியே எடுத்து, தானே நடந்துபோய் டேட்டா மேசையில் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கை வியர்த்து டேப் கூட ஒட்ட வரவில்லை. அன்று இரவு அந்த யூனிட்டின் முறையை எனக்கு விளக்கினார்: ஃபார்மேட் செய்யும் உரிமை ஒரே ஒரு ஆளுக்கு. இரண்டு தனித்தனி டிரைவில் பிரதி எடுத்து, செக்ஸம் (பிரதியும் மூலமும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) ஒத்துப்போய், டேட்டா மேசை கையெழுத்துப் போட்ட பிறகுதான் கார்டு கேமராவுக்குத் திரும்பும். அப்போதும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பழக்கம் இல்லையென்றால், அன்றைக்கு நூறு பேர் உழைத்த காலை வேளை என் கையால் போயிருக்கும்.

புது யூனிட்டில் கால் வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இங்கே டேப் ஒட்டினா காலியா, ஷூட் பண்ணதா?" அனுபவசாலிகளிடமே கேட்கிறேன், ஒருவரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

ஸ்லேட் (ஷாட் எண் எழுதிக் கேமரா முன்னால் அடிக்கும் கிளாப் பலகை) பற்றியும் கொஞ்சம். சத்தமாக அடித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். எடிட்டருக்கு வேண்டியது, இரண்டு கட்டையும் சேரும் அந்த ஒரு ஃபிரேம் தெளிவாகத் தெரிவதும், அதே நொடி ஒலிப்பதிவில் சத்தம் விழுவதும். லென்ஸ் எது என்று முதலில் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற தூரத்தில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் எண்கள் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். நடிகர் முகத்துக்கு அருகே குளோசப்பில் மெல்ல அடியுங்கள். அழும் காட்சியில் நான் ஓங்கி அடித்துவிட்டு அந்த நடிகை திடுக்கிட்டதை மறக்க முடியாது. ஒலி இல்லாமல் எடுக்கும் ஷாட்டில் கட்டையைத் திறக்காமல், அல்லது விரலை இடையில் வைத்துக் காட்ட வேண்டும். ஷாட் முடிவில் அடிப்பதானால் ஸ்லேட்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.

கையில் என்ன வாங்கி வைத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு: கேமரா வாங்காதீர்கள். நான் கடன் வாங்கிக் கேமரா வாங்கினேன், அது எனக்கு ஒரு நாள் வேலை கூடக் கொண்டுவரவில்லை. கேமரா டேப், மார்க்கர், சின்ன டார்ச், ஆலன் கீ செட், புளோயர், அளவு டேப், மழைக்கு ஒரு உறை, கறுப்பு உடை போதும். கறுப்பு உடை எதற்கென்றால், வெளிர் சட்டை கண்ணாடியிலும் பளபளப்பான காரிலும் பிரதிபலித்து ஷாட்டைக் கெடுக்கும். செட்டில் எடுத்த படத்தை எங்கேயும் போடாதீர்கள். என்னுடன் சேர்ந்த இன்னொரு ட்ரெய்னி அதனாலேயே ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனான்.

சம்பளக் கதை தனி. இருபத்தாறு நாள் வேலைக்கு டைம்ஷீட் கொடுத்தேன், இரண்டு நாளில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதற்காக மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். நேரில் போய்க் கேட்கலாம் என்று போனால், அந்த அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் தயாரிப்பு அலுவலகத்தைக் கலைத்துவிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கணக்காளரின் மின்னஞ்சலைப் பிடிக்கவே மூன்று வாரம். அப்புறம் அக்கா இரண்டு தாளிலும் கையெழுத்திட்டு ஸ்கேன் அனுப்ப, இரண்டரை மாதம் கழித்துப் பணம் வந்தது. அன்றன்றைக்கு மாலையே கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை என்று விட்டால் அந்த ஆள் அடுத்த படத்தில் இருப்பார்.

அதே அக்காதான் இப்போது இந்தப் படத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "அந்தக் கார்டு விஷயத்துல, எங்கிருந்து எடுத்தேன்னு கேட்டதும் மழுப்பாம காட்டினே. அதுக்குத்தான்" என்றார். திங்கட்கிழமை லென்ஸ் டெஸ்ட். தயாரிப்பு மேலாளரின் மின்னஞ்சல் வந்துவிட்டது, அச்செடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.