எட்டாவது உபகாரம்

நவம்பர் 7
காட்பாடியில் இறங்கி வேலூர் வந்து, அப்பாவை சி.எம்.சி.யில் சேர்த்தாயிற்று. நாளை மறுநாள் வயிற்றில் ஆபரேஷன். படுக்கை கிடைத்ததும் பைபிளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை ஊரிலேயே மறந்துவிட்டோம்!

நவம்பர் 8
சாயங்காலம் 'சாப்ளின் ஐயா வருகிறார்' என்றார்கள். எனக்குத் தொப்பியும் கைத்தடியும்தான் ஞாபகம் வந்தது. வந்தவர் ஆஸ்பத்திரிப் போதகர். அவரிடம் அது எதுவும் இல்லை, சட்டைப் பையில் ஒரு சின்ன பைபிள் மட்டும். ஜெபித்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். வீடு சந்திக்க வரும் எங்கள் ஊர்ப் பாதிரி ஐயர் அப்படித்தான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார் என்ன பாடம் எடுத்தீங்க?"

"கணக்கு."

கால் மணி நேரம் கணக்குதான் பேச்சு. அப்புறம்தான் "ஏதாவது வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். அப்பா 103ஆம் சங்கீதம் கேட்டார். 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சகலமும்னா எப்படி ஐயா? வயசாச்சு, பாதி மறந்துபோச்சு."

"ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க சார்."

அப்பா விரல் விட்டு எண்ணினார். அம்மா, முதல் வேலை, ஊர்க் கிணறு, பையைத் தூக்கி வந்த ஆட்டோக்காரர்... ஏழு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் வங்கதேசத்துப் பெரியவர், முஸ்லிம். ஐயா அங்கேயும் உட்கார்ந்தார். ஜெபிக்கலாமா என்று அவர் கேட்டதும் பெரியவர் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டார்.

நவம்பர் 9
நாலு மணி நேரம். நல்லபடியாக முடிந்தது. ஸ்தோத்திரம். வேறு எழுத ஓடவில்லை.

நவம்பர் 11
இன்று தூர் நகரத்து மார்ட்டினின் திருநாள் என்று ஐயா சொன்னார். நாலாம் நூற்றாண்டு ரோமச் சிப்பாய். அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தவர். அன்றிரவு கனவில் அந்தப் பாதியைக் கிறிஸ்து உடுத்தியிருந்தாராம். பிற்காலத்தில் பிராங்க் அரசர்கள் அந்த அங்கியைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். அங்கிக்கான லத்தீன் சொல்லை வைத்து அதைக் காத்தவர்களுக்கு வந்த பெயர்தான் பிறகு சாப்ளின் ஆனது. சேப்பல் என்பதும் அதே வேர். நடிகர் சார்லி சாப்ளினின் குடும்பப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான் என்றார். ஆக, நான் நினைத்தது முழுத் தப்பில்லை.

மார்ட்டின் பாதியைத்தான் கொடுத்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கும் குளிர்ந்திருக்கும் அல்லவா. பெரியவருக்கு இன்று ரிப்போர்ட் சரியில்லை. ஐயா ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

நவம்பர் 16
டிஸ்சார்ஜ். ஊர்க் கோவிலில் கொடுக்க ஸ்தோத்திர காணிக்கைக் கவர் எழுதச் சொன்னார் அப்பா. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏழும் வந்தன.

"எட்டு: நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததற்காக."

"கோவிலில் இதை வாசித்தால் சிரிப்பார்கள் அப்பா."

"சிரிக்கட்டும். எழுது."