சிறுவிடை, பெருவிடை, கருங்கோழி: உடைத்துப் பார்த்த முட்டைகள்

நாமக்கல் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பதே கொஞ்சம் வேடிக்கையான காரியம். எந்தத் திசையில் போனாலும் முட்டைக்கென்றே கோழி வளர்க்கும் லேயர் பண்ணை. லாரி லாரியாக வெள்ளை முட்டை கிளம்பும் ஊரில், கொட்டகையில் கிடைக்கும் நாலைந்து முட்டையை ஒருவன் எடை போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் முட்டை வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரகம்ங்க நல்ல முட்டை?" என்பதுதான். சிறுவிடை என்று ஒருவர் அடித்துச் சொல்வார், கருங்கோழிக்கு ஈடே இல்லை என்று இன்னொருவர். சரி, உடைத்தே பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்ததுதான் இது.

என்னிடம் இருப்பவை சிறுவிடை, பெருவிடை (ஆந்திரப் பக்கம் அசில் என்பார்களே, அந்த வழி), கருங்கோழி என்கிற கடக்நாத், கழுத்தில் இறகில்லாத கோழி ஒன்றிரண்டு. முதல் சிக்கல், எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்பது. எல்லாம் ஒரே கூடையில்தான் போய் முட்டையிடும். அதனால் முட்டைக்குக் கத்த ஆரம்பிக்கும் பெட்டையைப் பிடித்துத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவேன். முட்டையிட்டதும் விட்டுவிட்டு, அகலமான முனையில் பென்சிலால் ரகத்தையும் தேதியையும் எழுதிவிடுவேன். பேனா மை ஓட்டுக்குள் இறங்கும், வேண்டாம்.

எடையில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. சிறுவிடை 36 முதல் 40 கிராம், கருங்கோழியும் பெருவிடையும் 45 கிராமை ஒட்டி. பெருவிடையின் உடம்பைப் பார்த்து முட்டையும் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வடிவம் ரகத்தைவிடக் கோழியைப் பொறுத்தது. ஒரு கோழி நீட்டு முட்டை வைத்தால் எப்போதும் நீட்டுதான், அது அதன் கையெழுத்து மாதிரி. கொஞ்ச நாளில் பென்சில் குறி பார்க்காமலே ஆளைச் சொல்ல முடிந்தது. ஒப்பிடும்போது வயதையும் பார்க்க வேண்டும். முதல் ஈத்து விடைக்கோழியின் முட்டை எந்த ரகமானாலும் சிறியதுதான்.

அடுத்தது வெள்ளைக்கரு. சமமான கண்ணாடித் துண்டின் மேல் முட்டையை உடைத்து ஊற்றினால், மஞ்சள்கருவைச் சுற்றிக் கெட்டியான வெள்ளைக்கரு மேடாக நிற்கும். அந்த மேட்டின் உயரம்தான் கணக்கு, உயரம் கூடினால் முட்டை நல்லது. வெர்னியர் காலிப்பரின் பின்பக்கம் நீளும் ஆழக்கம்பியால் அளந்தேன். 1937ல் ரேமண்ட் ஹா என்பவர் இந்த உயரத்தையும் முட்டையின் எடையையும் சேர்த்து ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்றைக்கும் ஹா அலகு என்று அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எடையை ஏன் சேர்த்தார் என்பது என் நோட்டிலேயே தெரிந்தது. 40 கிராம் சிறுவிடை முட்டையில் உயரம் 5 மில்லிமீட்டர். பண்ணையில் அன்றைக்கு வாங்கிய 56 கிராம் முட்டையில் 6. வெறும் உயரத்தைப் பார்த்தால் பண்ணை முட்டை ஜெயித்த மாதிரி இருக்கும். சூத்திரத்தில் போட்டால் ஒன்று 77, மற்றது 78. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே சிறுவிடை முட்டையைச் சித்திரை வெயிலில் ஒரு வாரம் திண்ணையில் வைத்துவிட்டு உடைத்தால், வெள்ளைக்கரு தண்ணீராகக் கண்ணாடியின் ஓரம் வரை ஓடுகிறது. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கரியமிலவாயு வெளியேறி வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறுவதால் வருவது இது. ரகத்துக்கு ரகம் நான் பார்த்த வித்தியாசம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "நாட்டுமுட்டை" என்று பலகை மாட்டி, எப்போது இட்டது என்றே தெரியாமல் வெயிலில் வைத்து விற்கிறார்களே, அதை வாங்குவதற்குப் புது லேயர் முட்டையே மேல் என்பேன். சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ரகம் நிஜமாகவே பேசுகிற இடம் மஞ்சள்கருவின் பங்கு. சிறுவிடையில் 40 கிராமுக்கு 14 கிராம் மஞ்சள், அதாவது 35 சதவீதம். பண்ணை முட்டையில் 28ஐத் தாண்டவில்லை. லேயர் கோழியில் பெரிய முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் கூடியது பெரும்பாலும் வெள்ளைக்கருதான். நாட்டுமுட்டை வாயில் கெட்டியாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "ஏன் சாமி, திங்கற முட்டைய அளந்து அளந்து என்னதான் பண்ணப்போறே?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியிலிருந்து வழித்து ஆம்லெட் போட்டுவிடுவார்.

இனி நிறம். வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். மஞ்சள் ஆழமாக இருந்தால் அசல் நாட்டுக்கோழி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சோதிக்க, ஒன்றாகப் பொரித்த சிறுவிடைப் பெட்டைகளை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பங்கு அடைப்புக்குள், கம்பும் குருணையும் மட்டும். மற்றது தோட்டத்தில் மேய்ந்து, சாயங்காலம் முருங்கைக்கீரையும் கொஞ்சம் மஞ்சள் மக்காச்சோளமும். நிறம் பார்க்கத் தனி விசிறி அட்டை உண்டு, என்னிடம் இல்லை. பெயிண்ட் கடை வண்ண அட்டையில் மஞ்சள் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். பத்து நாள் தாண்டியதும் அடைப்புக் கோழிகளின் மஞ்சள்கரு வெளிறி எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. மேய்ந்தவற்றில் ஆரஞ்சு தட்டியது. ஒரே தாய் வயிற்றுக் கோழிகள்! நிறத்தைத் தருவது கீரையிலும் சோளத்திலும் உள்ள சாந்தோஃபில் என்கிற மஞ்சள் நிறமி. ரகத்துக்கு இதில் பெரிய பங்கு இல்லை. லேயர் தீவனத்தில் சாமந்திப்பூச் சாறு கலந்தால் அந்த முட்டையிலும் இதே நிறம் வரும்.

கருங்கோழி முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரக் கோழி, 2018ல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல், கறி, எலும்பு வரை கறுப்பு. முட்டை மட்டும் இளம் பழுப்பு அல்லது கிரீம் நிறம், உள்ளேயும் சாதாரண மஞ்சள்கருதான். கறுப்பைத் தரும் மெலனின் என்கிற நிறமி உடம்பின் திசுக்களில் இருக்கிறது, முட்டையில் சேர்வதில்லை. கறுப்பு முட்டை என்று யாராவது விற்றால் பையை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். என் கண்ணாடியின் மேல் அது சிறுவிடை முட்டையிலிருந்து பிரித்துச் சொல்லும்படி எதையும் காட்டவில்லை. விலை மட்டும்தான் வேறு.

ஓட்டின் கனத்தை உடைந்த ஓட்டில் உட்தோலை உரித்துவிட்டு ஸ்க்ரூகேஜால் அளந்தேன். மாசியில் எல்லா ரகமும் 0.32 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தன. வெயில் ஏறியதும் பெருவிடையின் ஓடுதான் முதலில் மெலிந்தது, 0.28க்கு வந்து கூடையிலேயே கீறல் விழுந்தது. கோழி மூச்சிரைக்கும்போது இரத்தத்தில் ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது, தீனியும் குறைவாக எடுக்கிறது. கழுத்தில் இறகில்லாதவை அவ்வளவு இரைக்கவில்லை, ஓடும் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒன்றிரண்டு கோழியை வைத்து ரகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது என்பதால் ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து தரும் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கிறேன். கீறல் குறைந்திருக்கிறது.

இப்போதைக்குக் கணக்கு பாதியில் நிற்கிறது. சிறுவிடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முட்டையை நிறுத்திவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டன. பண்ணைக்காரர்கள் இதைத்தான் குறை என்பார்கள், எனக்கு இந்த ரகத்தில் பிடித்ததே இது. கருங்கோழி அடைப் பக்கமே தலை வைப்பதில்லை, அதன் முட்டையையும் சிறுவிடையின் கீழேதான் வைத்திருக்கிறேன். பொரித்து இறங்கியதும் எல்லா ரகத்துக்கும் ஒரே தீனி, ஒரே வயதுப் பெட்டைகள் என்று வைத்து மறுபடி அளக்க வேண்டும்.