தாமதக் கட்டணத்துக்குச் சட்ட வரம்பு கேட்டு நாங்கள் நடந்த வழி

2023 கார்த்திகையிலும் மார்கழியிலும் எங்கள் படகு சாம்பல்தீவுக் கரையில் ஏற்றியே கிடந்தது. தம்பியின் எஞ்சின் கடனில் இரண்டு தவணைகள் தவறின. மாரியில் சிறு படகுகள் கடலில் இறங்க முடியாது என்பது திருகோணமலையில் குழந்தைக்கும் தெரியும். கடன் கொடுத்த வங்கிக்கோ பன்னிரண்டு மாதமும் ஒன்றுதான். தை மாதம் அம்மாவின் காப்பை அடகு வைத்து நிலுவையைக் கட்டப் போனபோது 5,342 ரூபாய் மேலதிகமாகக் கேட்டார்கள்.

கணக்குக் கூற்றை வரிவரியாகப் பார்த்தேன். தண்ட வட்டி, அதாவது தவணை தவறினால் மேலதிகமாகப் போடும் வட்டி, 92 ரூபாய் மட்டுமே. வழமையான வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு அதிகமாகத் தண்ட வட்டி அறவிடக் கூடாது என்றும், அதையும் நிலுவையான தொகைக்கு மட்டுமே கணிக்க வேண்டும் என்றும் இலங்கை மத்திய வங்கி 2023 ஓகஸ்ட்டில் உத்தரவிட்டிருந்தது. 18,500 ரூபாய்த் தவணைக்கு அது மாதம் ஏறத்தாழ 31 ரூபாய்தான். மீதி 5,250 ரூபாயும் வேறு பெயர்களில் வந்திருந்தது: ‘தாமதக் கட்டணம்’ 1,500 ரூபாய் வீதம் இரு தடவை, ‘நினைவூட்டல் கடிதம்’ 750 ரூபாய் வீதம் மூன்று தடவை. வீட்டுக்கு வந்த கடிதமோ ஒன்றே ஒன்று.

கிளை முகாமையாளர், உடன்படிக்கையில் தம்பி கையெழுத்திட்டிருப்பதைக் காட்டினார். வாய்ப்பேச்சால் பயனில்லை என்று கண்டு, கட்டணம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, என்னிடமிருந்த பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை இல்லாமல் மேலே எங்கும் போக முடியாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று வாரத்தில், அனுப்பாத இரு கடிதங்களுக்கான 1,500 ரூபாய் திரும்பி வந்தது. தாமதக் கட்டணத்தை விட மறுத்தார்கள். எனவே 1935 என்ற இலக்கத்தில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அழைத்து, வங்கியின் பதிலையும் இணைத்து முறைப்பாட்டை அனுப்பினேன்.

அதற்கிடையில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைச் சொன்னபோது, 41 குடும்பங்கள் தங்கள் கணக்குக் கூற்றுகளைக் கொண்டுவந்தன. அவற்றுள் ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது: தையல் இயந்திரக் கடன், தவணை 4,000 ரூபாய், தாமதக் கட்டணம் அதே 1,500 ரூபாய். கடன் சிறிதாகச் சிறிதாக இந்தக் கட்டணத்தின் சுமை பெருகுகிறது. வட்டிக்கு வரம்பு வைத்துவிட்டுக் கட்டணத்தைத் திறந்துவிட்டால் ஏழைக்கு அந்த வரம்பு உதவாது.

வங்கிக்கு உண்மையில் ஏற்பட்ட செலவுக்கு மேல் எந்தப் பெயரிலும் அறவிடக் கூடாது, அறவிட்டதை மூலதனத்தோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று சட்டமாக்குமாறு மனு எழுதினோம். தண்டக் கட்டணத்தை மூலதனமாக்குவதை இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஓகஸ்ட்டில் தடை செய்ததையும் அதில் காட்டினோம். மனுவை மத்திய வங்கியின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் கையளித்தோம். இப்போது மூதூரிலும் கிண்ணியாவிலும் கூற்றுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.