வண்டிக் குதிரைப் பந்தயத்தில் ஓர் ஒழுங்கு விசாரணை: ஓட்டுநராக நான் கடந்து வந்த வழி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வண்டிக் குதிரைப் பந்தயங்களில் உரிமம் பெற்ற ஓட்டுநராக இருக்கிறேன். நான் ஓட்டிய ஒரு பந்தயத்தைக் குறித்து விசாரணை நடந்து, தடை விதிக்கப்பட்டு, அது மேல்முறையீடு வரை சென்று முடிந்தது. லாயப் பணிக்கு வந்து சேரும் நம்மவர் சிலர் அண்மையில் இதைப் பற்றி விவரமாகக் கேட்டார்கள். விசாரணையில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதைப் பேசினால் அது வழக்குக்குப் பயன்படாது என்பது முன்பே தெரிந்திருந்தால் பாதிச் சுமை குறையும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதில் குதிரையின் முதுகில் யாரும் ஏறுவதில்லை. சல்கி எனப்படும் இலகுவான இருசக்கர வண்டியில் அமர்ந்து, இரு கைகளிலும் வாரைப் பிடித்து ஓட்டுகிறோம். ஓடுபவை ஸ்டாண்டர்டுபிரெட் இனக் குதிரைகள். அவற்றில் பேசர் வகைக் குதிரை ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து எடுத்து வைக்கும். டிராட்டர் வகை குறுக்குக் கால்களைச் சேர்த்து எடுத்து வைக்கும். இரண்டுமே நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. நடை குலைந்து பாய்ச்சலுக்கு மாறினால் ஓட்டுநர் உடனே இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் இடம் பறிபோய்விடும். முன்னே செல்லும் வாகனத்தின் விரிந்த தடுப்புக்குப் பின்னால் குதிரைகள் அணிவகுத்து வர, அது விலகியதும் ஓட்டம் தொடங்குகிறது. கடைசி மைலை, அதாவது 1,609 மீட்டரை, நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் நேரத்தையும் பதிவுசெய்வார்கள். முன்னணிக் குதிரை ஒரு கால்பகுதியை 31 விநாடிக்கு மேல் இழுத்து மெதுவாக ஓடியதா, 28 விநாடிக்குள் முடுக்கியதா என்பதைப் பொறுத்துப் பின்னால் வருபவர்களின் வாய்ப்புகள் எல்லாமே மாறிவிடும்.

உள்வேலியை ஒட்டி ஒரு வரிசை, அதற்கு வெளியே இன்னொரு வரிசை என்று குதிரைகள் செல்லும். முன்னணிக் குதிரைக்கு நேர் வெளியே ஓடுவது மிகக் கடினம். முன்னால் மறைப்பு இல்லாமல் காற்றை நேராக வாங்கிக்கொண்டு, வளைவுகளில் கூடுதல் தூரமும் ஓட வேண்டும். ஓட்டுநர்கள் அந்த இடத்தை டெத் சீட் என்றே குறிப்பிடுகிறார்கள். அதற்கு நேர் பின்னால், வெளிவரிசையில் இரண்டாவதாக வருவது பலரும் விரும்பும் இடம். என் குதிரை அன்று அங்கேதான் இருந்தது.

என் சொந்த ஊர் உடுமலைப் பக்கம். அங்கு நடக்கும் ரேக்ளாவில் ஒவ்வொரு ஜோடிக் காளையும் தனித்தனியே ஓடும், 200 மீட்டருக்கும் 300 மீட்டருக்கும் கடிகாரம்தான் நடுவர். ஓட்டுபவர் இன்னொரு வண்டியின் வழியை மறித்தார் என்றோ, முந்த வேண்டிய இடத்தில் முந்தவில்லை என்றோ வழக்கு எழ இடமில்லை. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஒன்றாக ஓடும்போதுதான் ஓட்டுநரின் ஒவ்வொரு முடிவும் பிறருடைய குதிரையையும், பிறருடைய உயிரையும், பந்தயம் கட்டியவர்களின் பணத்தையும் தொடுகிறது. ஒழுங்கு விதிகள் இவ்வளவு விரிவாக இருப்பதற்கு அதுவே காரணம், அவை அப்படி இருக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன்.

ஆஸ்திரேலிய விதித்தொகுப்பில் ஓட்டுநர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விதி 149. அதன் முதல் உட்பிரிவு, குதிரை வெற்றி பெறவோ தன்னால் இயன்ற மிகச் சிறந்த இடத்தை அடையவோ முழு வாய்ப்புக் கிடைக்கும்படி, நியாயமான, அனுமதிக்கப்பட்ட எல்லா நடவடிக்கைகளையும் ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் உட்பிரிவு, ஸ்டூவர்டுகளின், அதாவது பந்தயத்தைக் கண்காணித்து விசாரிக்கும் அதிகாரிகளின், கருத்தில் ஏற்கத்தகாத முறையில் ஒருவர் ஓட்டக் கூடாது என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டாவது பிரிவுக்குத் தீய நோக்கம் தேவையில்லை. வெல்ல வேண்டும் என்றே ஓட்டியவர்கூட, எடுத்த முடிவின் தரத்துக்காக அதன் கீழ் குற்றம் சாட்டப்படலாம். என்மீது வந்தது இந்த இரண்டாம் உட்பிரிவு.

அன்று நான் ஓட்டியது ஒரு பெண் பேசர். முன்னால் மறைப்பு இருக்கும்வரை அமைதியாக வரும், வெட்டவெளியில் விட்டால் வாயை இறுக்கிக்கொண்டு இழுக்கும், அப்படி இழுத்துக் களைத்த நிலையில் அதன் நடை குலைந்த வரலாறும் உண்டு. கடைசி மைலின் முதல் இரண்டு கால்பகுதிகளையும் முன்னணி ஓட்டுநர் மிக மெதுவாக வைத்திருந்தார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு வேகம் கூடியபோது எனக்கு முன்னே டெத் சீட்டில் இருந்த குதிரை களைத்துப் பின்வாங்கத் தொடங்கியது. என் வெளிப்புறம் மூன்றாம் வரிசையில் இன்னொரு குதிரை ஏறி வந்து என்னை அடைத்துவிட்டது. கடைசி நேர்ப்பாதையில் வழி கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. குதிரை மிச்ச பலத்தோடு ஐந்தாவதாக முடித்தது. அந்த மிச்ச பலம்தான் பார்ப்பவர் கண்ணை உறுத்தும், உறுத்த வேண்டியதும்கூட.

ஸ்டூவர்டுகளின் அறைக்கு அன்றிரவே அழைக்கப்பட்டேன். பயிற்சியாளரும் அழைக்கப்பட்டார். பேசுவது முழுவதும் ஒலிப்பதிவாகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பக்கவாட்டிலிருந்தும் நேரெதிரிலிருந்தும் எடுத்த காட்சிகளைத் திரையில் ஓட்டி, குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தி, “இங்கே என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். கேள்விகள் கடுமையாக இல்லை, ஆனால் மிகவும் நுணுக்கமானவை. முன்னணி வேகம் குறைவு என்பது உங்களுக்குத் தெரிந்ததா, தெரிந்தால் எந்த இடத்தில் தெரிந்தது, பயிற்சியாளர் என்ன சொல்லி அனுப்பினார், வெளியே வந்த குதிரையை எப்போது பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஸ்டூவர்டுகளிடம் தவறாக வழிநடத்தும் சாட்சியம் அளிப்பதே தனிக் குற்றம். ஆகவே நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே சொன்னேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது உடலால் எடுத்த முடிவுக்குப் பிறகு அறையில் உட்கார்ந்து அழகான காரணம் கற்பிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அன்று முடிவு சொல்லாமல் விசாரணையை ஒத்திவைத்தார்கள். இடையில் அந்தப் பந்தயத்தின் பணப்பந்தயப் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன. தான் ஓட்டும் பந்தயத்தில் ஓட்டுநர் பணம் கட்டக் கூடாது என்பது விதி, அதோடு சந்தேகத்துக்கிடமான பணப்போக்கு இருந்ததா என்பதையும் பார்ப்பார்கள். எதுவும் இல்லை என்று மறு அமர்வில் பதிவில் ஏற்றினார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்து 149-ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவின் கீழ் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. அதில் இரண்டு விவரக்கூறுகள் இருந்தன. ஒன்று, முடிவுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1,200 மீட்டருக்கும் 800 மீட்டருக்கும் இடையே வேகம் தளர்ந்திருந்தபோது வெளியே வந்து முன்னேறத் தவறியது. மற்றொன்று, கடைசி வளைவில் களைத்த குதிரைக்குப் பின்னாலேயே தங்கி, வெளியே செல்ல இடமிருந்தபோது செல்லத் தவறியது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் சலுகை உண்டு என்று நண்பர்கள் சொன்னார்கள், அது உண்மைதான். நான் மறுத்தேன். மறுத்ததற்குக் காரணம் கோபம் அன்று. முதல் விவரக்கூறு நிலைத்துவிட்டால், வெளியே விட்டால் கெட்டுப்போகும் குதிரையைப் பொறுமையாக ஓட்டுவதே குற்றம் என்று ஆகிவிடும் என்று மெய்யாகவே அஞ்சினேன். இரண்டும் நிரூபணமானதாகக் கொண்டு ஆறு வாரத் தடை விதித்தார்கள். சுருக்கமான காரணங்கள் அன்றைய ஸ்டூவர்டு அறிக்கையில் வெளியாகின.

மேல்முறையீட்டுக்கான கெடு மிகக் குறுகியது, சில நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்துவிட வேண்டும். தடையை நிறுத்திவைக்கவும் அதோடு கோரலாம். கிடைத்தால் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் தோற்றால் தடைக்காலம் பெரிய பந்தயங்கள் நடக்கும் மாதங்களில் வந்து விழக்கூடும். நான் கோரினேன், கிடைத்தது. விக்டோரியாவில் 2019 ஆகஸ்டு 1 முதல் சவாரிக் குதிரை, வண்டிக் குதிரை, வேட்டை நாய் ஆகிய மூன்று பந்தயத் துறைகளுக்கும் பொதுவாக ஒரே தனித் தீர்ப்பாயம் செயல்படுகிறது. அது ஸ்டூவர்டுகளின் முடிவை மேலோட்டமாகப் பார்த்துச் சரி என்று முத்திரை குத்தும் இடமன்று, சாட்சியங்களைப் புதிதாகவே கேட்டு முடிவு செய்கிறது. ஸ்டூவர்டுகளும் தம் தரப்பை வழக்கறிஞர் மூலம் முன்வைக்கிறார்கள்.

நான் அமர்த்திய வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார்: என் நேர்மையைப் பற்றிப் பேசக் கூடாது, அதை யாரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. குற்றச்சாட்டில் எழுதியிருக்கும் இரண்டு இடங்களைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். வழக்கு முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக மதிப்புள்ள அறிவுரை அது. அதற்கு முன்பு நான் தயாரித்திருந்த குறிப்புகளில் பெரும்பகுதி என் நற்பெயரையும் உழைப்பையும் பற்றியவையாக இருந்தன, அவற்றை ஒதுக்கிவைத்தோம். பதிலாக விசாரணையின் எழுத்துப் பதிவை வாங்கினோம். கால்பகுதி நேரங்களை எடுத்தோம். அதே குதிரை முந்தைய பந்தயங்களில் மறைப்பின்றி ஓடியபோது நடந்ததைக் காட்டும் காட்சிகளைத் தேடித் தொகுத்தோம். அவை வெவ்வேறு ஓட்டுநர்கள் ஓட்டியவை, அதனால்தான் அவற்றுக்கு எடை இருந்தது. பயிற்சியாளரின் சாட்சியத்தில் அவர் கொடுத்த அறிவுரை மட்டும் இருந்தது, என்னைப் புகழும் வரி ஒன்றுகூட இல்லை.

சட்ட அளவுகோல் இரண்டு பேசப்பட்டன. முதலாவது, ‘ஏற்கத்தகாத’ ஓட்டம் என்றால் என்ன என்பது. முந்தைய மேல்முறையீட்டுத் தீர்ப்புகள், பார்த்தவர் பின்னால் யோசித்து வேறுவிதமாக ஓட்டியிருக்கலாம் என்று சொல்வது போதாது என்கின்றன. இத்துறையை நன்கு அறிந்த ஒரு பார்வையாளர் அந்த இடத்தில் “இவர் என்னதான் செய்கிறார்!” என்று வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இரண்டாவது, நிரூபணத்தின் தரம். இங்கே 1938-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பிரிகின்ஷா என்ற மணவிலக்கு வழக்கில் வகுத்த நெறியையே இன்றும் பின்பற்றுகிறார்கள். உரிமையியல் வழக்குக்குரிய அளவே போதும் என்றாலும், குற்றச்சாட்டும் அதன் விளைவும் கனமாக இருந்தால் மங்கலான சான்றுகளை வைத்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது என்பது அந்நெறி. ஒரு தம்பதியின் வழக்கில் சொன்ன சொற்கள் எண்பது ஆண்டுகள் கடந்தும் ஒரு குதிரை வண்டிக்காரனுக்குக் காவலாக நிற்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

விசாரணையில் காட்சிகள் மீண்டும் மீண்டும் ஓடின. முதல் விவரக்கூறில் நாங்கள் காட்டிய பழைய பந்தயங்கள் கைகொடுத்தன. வேகம் தளர்ந்தது உண்மையே, ஆனால் அந்தக் குதிரையை வெளியே எடுத்திருந்தால் நல்லது நடந்திருக்கும் என்பதற்கு எதிராகவே அதன் வரலாறு பேசியது. இரண்டாவதில் நேரெதிர்க் காட்சிதான் முக்கியம். வெளியே வந்த குதிரை என்னை அடைத்துவிட்டது என்பது என் வாதம். நேரெதிர்க் காட்சியோ, அது என் சக்கரத்துக்கு வந்து சேர்வதற்கு முன் சிறிது தூரம் திறப்பு இருந்ததைக் காட்டியது. அந்தத் திறப்பில் நுழைந்திருந்தால் அந்தக் குதிரையின் வழியில் குறுக்கிட்டிருப்பேன், குறுக்கீடு செய்வது 163-ஆம் விதியின் கீழ் தனிக் குற்றம் என்று விளக்கினேன். வெல்ல முழு முயற்சி எடு என்று ஒரு விதியும், பிறர் வழியில் புகாதே என்று இன்னொரு விதியும் இரு பக்கமும் நெருக்கும் இடைவெளியில்தான் எங்கள் தொழில் நடக்கிறது. வளைவில் முழு வேகத்தில் இரண்டு சல்கிச் சக்கரங்கள் உரசினால் என்ன ஆகும் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

தீர்ப்பு பிறகு எழுத்து மூலம் வந்தது. முதல் விவரக்கூறு நிரூபிக்கப்படவில்லை. இரண்டாவது நிரூபிக்கப்பட்டது: திறப்பு இருந்த தூரம், வெளிக்குதிரை அப்போது எவ்வளவு பின்னால் இருந்தது, முன்குதிரை களைத்துவிட்டது என்பதற்கு எனக்குக் கிடைத்த அறிகுறிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, குறுக்கீடு இல்லாமல் வெளியேற அவகாசம் இருந்தது என்று முடிவுசெய்திருந்தார்கள். தடை நான்கு வாரமாகக் குறைந்தது. அந்த அவகாசத்தின் அளவைப் பற்றி எனக்கு இன்றும் வேறு கருத்து உண்டு. ஆனாலும் என் வாதத்தை முழுவதுமாக எடுத்து எழுதி, அதை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் காட்டிய தீர்ப்பின் முன் மனத்தாங்கல் நிற்கவில்லை. முதல் விவரக்கூறு விழுந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பதற்றக் குணமுள்ள குதிரைகளை ஓட்டும் இளையவர்களுக்கு அந்தப் பத்தி பயன்படும், இத்தீர்ப்புகள் பொதுவில் வெளியிடப்படுவதால் யாரும் எடுத்துக்காட்டலாம்.

தடைக்காலத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவை, ஏனெனில் ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரித்த உறவினர் பலரும் என்னைத் தொழிலைவிட்டே விலக்கிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். ஓட்டுநர் உரிமத்தின் மீதான தற்காலிகத் தடை வேறு, தகுதிநீக்கம் வேறு. தகுதிநீக்கம் பெற்றவர் பந்தயத் தலங்களுக்குள்ளும் லாயங்களுக்குள்ளும் நுழையவே முடியாது, பிழைப்பு முழுவதும் நின்றுவிடும். எனக்கு விதித்தது பந்தயத்தில் ஓட்டுவதற்கான தடை மட்டுமே. அந்த நான்கு வாரமும் விடியற்காலையில் லாயத்துக்குச் சென்று தீவனம் வைத்தேன், தோற்கருவிகளைத் துடைத்துப் பழுது பார்த்தேன், அந்தப் பெண் குதிரையை வேறொருவர் ஓட்ட அனுப்பும்போது அதன் குணத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன். தடை முடிந்த வாரத்திலேயே பயிற்சியாளர் அதன் வண்டியில் மீண்டும் என் பெயரைப் பதிவு செய்தார்.