ஒருமுறை சோதித்தால் போதாது
நிலத்தடி நீரை ஒரே ஒருமுறை சோதித்துவிட்டு "நல்ல நீர்" என்று முடிவு கட்டுவது எனக்குக் கவலை தருகிறது. கருங்கல் பாறைப் பகுதிகளில் ஃபுளோரைடு கரைந்து வரும். கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும். வயல் நடுவே உள்ள கிணற்றையே பாருங்கள். உரமிட்ட பின் பெய்யும் மழை நைட்ரேட்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. கோடையில் நன்றாக இருந்த அதே நீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிவிடலாம். நிறமில்லை, மணமில்லை. கைக்குழந்தைகளுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

மழைக்கு முன்னும் பின்னும், அதே கிணற்றில், ஆண்டுதோறும் மாதிரி எடுக்க வேண்டும். கிணற்றின் ஆழத்தைக் குறிப்பிடாத அறிக்கையை நான் நம்புவதில்லை. 10 மீட்டரில் உள்ள நீரும் 100 மீட்டரில் உள்ள நீரும் பெரும்பாலும் ஒன்றல்ல.